கடலுக்கு விலக்கு

அறுகம்பே பாலத்தில் ஏறும்போதெல்லாம் சைக்கிள் மிதியில் கால் ஒரு கணம் நின்றுவிடுகிறது. வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே வயதோடுதான் பொத்துவில் கடைத்தெருவை மூச்சு வாங்காமல் கடந்து வருகிறேன். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் களப்பு. அஸர் தொழுகைக்குப் பிறகு களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிகிறவர்களின் முதுகு வெயிலில் செம்பு போல மின்னும். கண்டல் வேரின் சேற்று மணமும், உல்லைப் பக்கமிருந்து வரும் வறுத்த பூண்டு மணமும் பாலத்தின் நடுவில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். அலைப்பலகைகளைக் கூரையில் கட்டிய ஓட்டோக்கள் என்னைத் தாண்டிப் போகும். மகன் பொத்துவிலில் பெண் எடுத்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியிருப்பதால், மாதம் ஒருமுறை கல்முனையிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறேன். அவனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு இந்தப் பாலம்வரை வருவது ஒரு வாடிக்கை. இந்தக் கால் தயக்கம் எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு சட்டத்தின் ஒரேயொரு பந்தியை வாசித்த பிறகுதான்.

பாலத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்து பழைய பாலத்தைச் சிதைத்துவிட்டுப் போனது. தெற்கே உல்லையும் பாணமையும் வடக்கிலிருந்து பிரிந்து நின்றன. பிறகு ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். 2008இல் அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி முகவரகம் கட்டிக்கொடுத்த புதிய பாலம் திறக்கப்பட்டது. அந்த நாட்களில் அதன் சின்னமான, கைகுலுக்கும் இரண்டு கைகளின் படம் எங்கள் கரை முழுவதும் கிடந்தது. கூடாரத் துணியில், எண்ணெய்த் தகரத்தில், பிள்ளைகளைக் குளிப்பாட்டும் வாளியில். கீழே, 'அமெரிக்க மக்களிடமிருந்து' என்று தமிழிலேயே எழுதியிருக்கும். யார் அந்த அமெரிக்க மக்கள் என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். வாளியைத் தந்தவர்களுக்கு ஒரு முகம் வேண்டுமென்று அவளுக்கு. எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. அந்த மக்களின் பெயரால் கைதூக்கி வாக்களிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எங்களைப் பற்றியும் ஒரு பந்தி எழுதியிருக்கிறார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது.

அந்தப் பந்தி 2008ஆம் நிதியாண்டுக்கான அமெரிக்க ஒருங்கிணைந்த ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஜனாதிபதி புஷ் அதில் கையெழுத்திட்டது 2007 டிசம்பர் 26. நாங்கள் கரையில் கூடிநின்று சுனாமியின் மூன்றாம் வருட துஆ ஓதிய அதே நாள். தற்செயல்தான், ஆனாலும் தற்செயல்கள் மனசில் ஒட்டிக்கொள்கின்றன. இலங்கைக்கு இராணுவ நிதியுதவி கொடுக்கவோ, ஆயுத ஏற்றுமதிக்கு அனுமதி வழங்கவோ வேண்டுமானால் மூன்று விஷயங்களுக்கு வெளிவிவகாரச் செயலாளர் சான்று தரவேண்டும் என்கிறது அந்தப் பந்தி. பாரிய மனித உரிமை மீறல்களுக்காக நம்பத்தகுந்த விதத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட படையினரை இடைநிறுத்தி நீதியின் முன் நிறுத்தவேண்டும்; சிறுவர்களைப் படைக்குப் பிடிப்பதற்கு உடந்தையாக இருந்தவர்களும் இதில் அடக்கம். நாடெங்கும் தொண்டு நிறுவனங்களையும் ஊடகவியலாளரையும் போக விடவேண்டும். ஐக்கிய நாடுகள் மனித உரிமை ஆணையாளரின் அலுவலகம் ஒன்று இங்கே களத்தில் இயங்க அரசாங்கம் உடன்படவேண்டும். யுத்தம் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். புலிகளை 1997இலேயே தடைசெய்த நாடு, கொழும்பின் தோளில் கைபோட்டு நின்ற நாடு. அதன் சட்டமியற்றுபவர்களே தங்கள் அரசாங்கத்தின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். வாசித்தபோது, உண்மையைச் சொன்னால், தொண்டை அடைத்தது. வெர்மொண்ட் என்ற பனி விழுகிற மாநிலத்திலிருந்து வந்த பாட்ரிக் லேஹி என்ற கிழவர், கல்முனைச் சந்தையின் கருவாட்டு வாடையை ஒருநாளும் அறிந்திராதவர், இந்த மாதிரி நிபந்தனைகளுக்காக வருடக்கணக்காக மல்லுக்கட்டியிருக்கிறார். அவர் பெயரிலேயே அங்கு ஒரு சட்டம் வழங்குகிறது.

அடுத்த வாக்கியம்தான் காலை நிறுத்துவது. கடலையும் வானத்தையும் கண்காணிப்பதற்கும் தகவல் தொடர்புக்குமான கருவிகளுக்கும் தொழில்நுட்பத்துக்கும் இந்தத் தடை பொருந்தாது. அவ்வளவுதான். கரையில் நடப்பதற்கு மூன்று நிபந்தனை. கடலில் நடப்பதற்கு விலக்கு. கண்காணிப்புக் கருவி ஆளைக் கொல்லாது, கப்பலைப் பார்க்கும், ஆயுதக் கடத்தலைத் தடுக்கும் என்று ஒரு நியாயம் சொல்லலாம். அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. 2004இல் அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் 'கரேஜஸ்' என்ற கப்பல் இலங்கைக் கடற்படைக்குக் கைமாறி 'சமுதுர' ஆனது. 2007 மார்ச் 5ஆம் திகதி, இரு நாட்டுப் படைகளும் ஒருவருக்கொருவர் எரிபொருளும் உணவும் சேவைகளும் கொடுத்து வாங்குவதற்கான ஒப்பந்தம் கொழும்பில் கைச்சாத்தானது. அமெரிக்கா சார்பில் தூதர் ரொபர்ட் பிளேக் கையெழுத்திட்டார். இலங்கை சார்பில் கையெழுத்திட்ட பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்சவும் அன்று அமெரிக்கப் பிரஜைதான் என்பதை இப்போது நினைக்கும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்தபின் வேறென்னவோ வருகிறது. சட்டம் டிசம்பரில் வந்தபோது கடல் ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டிருந்தது.

விலக்கு என்ற சொல்லைப் பல நாள் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். தமிழில் அது இரண்டு பக்கமும் வெட்டுகிற சொல். குர்ஆன் மதரஸாவில் ஹராமுக்கு எங்களுக்குச் சொல்லித்தந்த தமிழ், 'விலக்கப்பட்டது'. பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படிப்பித்த வாத்தியார் சொல்லித்தந்தது 'விதிவிலக்கு'. ஒன்றில், தொடாதே. மற்றதில், உன்னை விதி தொடாது. சின்ன வயதில் இது எனக்குக் குழம்பும். பன்றி விலக்கப்பட்டது என்றால் பன்றிக்கு மட்டும் சலுகை கொடுத்திருக்கிறார்கள் போல என்று நினைத்து வாப்பாவிடம் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டேன். இப்போது அந்தப் பந்தியை வாசிக்கும்போது அதே குழப்பம் திரும்பி வருகிறது. கடல் விலக்கப்பட்டது. யாருக்கு, எந்தப் பொருளில்? யுத்த காலத்தில் எங்கள் கரையிலிருந்து தொழிலுக்குப் போகப் பாஸ் வேண்டும், நேரம் உண்டு, எல்லை உண்டு. இருட்டில் டோர்ச் அடித்தாலே கேள்வி வரும். மீன்காரனுக்கு முதல் பொருளில் விலக்கப்பட்ட கடல், வாஷிங்டனில் இரண்டாம் பொருளில் விலக்கப்பட்டிருக்கிறது.

ஒரு நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். 2006 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று கல்முனைக்குக் கிழக்கே 120 கடல்மைல் தூரத்தில் புலிகளின் ஆயுதக் கப்பலொன்றை மூழ்கடித்ததாகக் கடற்படை அறிவித்தது. செய்தியில் எங்கள் ஊரின் பெயர் வந்ததால் நினைவிருக்கிறது. ஊருக்கும் அந்தச் சண்டைக்கும் சம்பந்தம் அந்தப் பெயர் மட்டும்தான். 120 மைலுக்கு அப்பால் எரிகிற கப்பலின் வெளிச்சம் கரைக்கு வராது. அதே நாளில் பொத்துவில் பொலிஸ் பிரிவில், இறத்தல் குளத்துக்கு வேலைக்குப் போன பத்து முஸ்லிம் கூலியாட்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் காயத்தோடு தப்பினார். மறுநாள் சடலங்கள் ஊருக்கு வந்தபோது பொத்துவில் பொங்கியது. விசேட அதிரடிப்படையைத்தான் ஊர்ச் சனம் சந்தேகித்தது. புலிகள்தான் என்றது அரசாங்கம். பத்துப் பேரையும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது பெரிய நகரமல்ல. ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் மூன்று தெருவுக்குத் தெரிந்துவிடும். கடலில் நடந்தது யார் செய்தது என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை, கடற்படையே பெருமையாகச் சொன்னது. குளக்கரையில் நடந்தது யார் செய்தது என்பதற்குச் சட்டப்படியான பதில் இன்றுவரை இல்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமை, கடலின் மேல் அத்தனை கண்கள், குளத்தின் மேல் ஒரு கண்ணும் இல்லை. இதை நான் வாஷிங்டனின் குற்றமாகச் சொல்லவில்லை, அந்தச் சட்டம் வந்ததே பதினைந்து மாதம் கழித்து. ஆனால் எந்தத் திசைக்குக் கண் வாங்கிக் கொடுப்பது என்று முடிவெடுத்தபோது அவர்கள் எடுத்த முடிவும் அதேதான் என்பது என்னை விடுவதாயில்லை.

இறத்தல் குளம் முழுவதுமாக மறக்கப்பட்டது என்றும் சொல்லமுடியாது. அந்த வருடக் கடைசியில் மனித உரிமை மீறல்களை விசாரிக்க ஜனாதிபதி நியமித்த உடலாகம ஆணைக்குழுவின் பதினாறு வழக்குகளில் அதுவும் ஒன்று. வெளியார் அழுத்தம் இல்லாமல் அந்த ஆணைக்குழுவே வந்திருக்காது. அதை மேற்பார்வை செய்ய வெளிநாடுகளிலிருந்து மேன்மக்கள் குழு ஒன்றும் வந்தது, இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பகவதி தலைமையில். ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தார்கள். மேன்மக்கள் என்றால் எங்களுக்கு வயல் நிலக்காரப் போடிமார்தான். 2008 மார்ச்சில் அவர்கள், உண்மையைக் கண்டறிய அரசுக்கு அரசியல் விருப்பம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆணைக்குழு பதினாறில் பாதியைக்கூட முடிக்காமல் 2009 ஜூனில் காலாவதியானது. மேன்மக்கள் போன அதே வருடம்தான் பாலம் திறந்தது. அந்த இரண்டையும் கொண்டுவந்தவர்கள் ஏறக்குறைய ஒரே உலகத்தைச் சேர்ந்தவர்கள். ஒன்று கொங்கிரீட், அது நிற்கிறது.

அப்படியானால் அவர்கள் அழுத்தாமலே இருந்திருக்கலாமா? இந்தக் கேள்விக்கு நான் காலையில் ஒரு பதிலும் இரவில் ஒரு பதிலும் சொல்கிறவன். யுத்தம் முடிந்து சில காலத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குழுவுக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார், கைக்கு எட்டிய ஆள். ஒரு தாயிடம் அவருடைய மகனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் இருபது நிமிடம் அழுதழுது சொன்னதை நான் இரண்டு நிமிட ஆங்கிலமாக்கிக் கொடுத்தேன். அந்தப் பாவம் இன்னும் என் நாக்கில் இருக்கிறது. கடைசியில் படிவத்தில் இனம் என்ற இடத்துக்கு வந்தார்கள். சிங்களம், தமிழ், ஏனையோர். தமிழில் பேசுகிறாரே, தமிழ் என்று போடட்டுமா என்று படிவம் நிரப்பிக்கொண்டிருந்த பிள்ளை கேட்டாள். நல்ல பிள்ளை, முகத்தில் வெயில் சுட்டிருந்தது. இல்லை, முஸ்லிம் என்றேன். அது மதமல்லவா என்றாள். நான் விளக்க ஆரம்பித்து, 1915 கலவரம், 1956 மொழிச்சட்டம் என்று எங்கோ போய், அவள் களைத்துப்போனதைக் கண்டு நிறுத்திக்கொண்டேன். ஏனையோர் என்று போட்டாள். அந்தத் தாய் என்னைப் பார்த்து, என்ன மகன், சரியா எழுதிட்டாங்களா என்று கேட்டார். ஓம் உம்மா, எழுதிட்டாங்க என்று சொன்னேன்.

எங்களைப் பற்றி வெளியில் எழுதப்படுகிற எல்லாத் தாள்களிலும் இந்தப் படிவத்தின் வாடை இருக்கிறது. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் ஒப்பமிட்ட ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் 'தமிழ் பேசும் மக்களின்' வரலாற்று வாழிடம் என்றது. அந்தச் சொற்றொடருக்குள் நாங்கள் இருக்கிறோமா, அல்லது அதே வாக்கியத்தில் பின்னால் வருகிற 'ஏனைய இனக்குழுக்கள்' என்பதற்குள்ளா என்று எங்கள் ஊரில் அப்போது பள்ளிவாசல் முற்றத்திலிருந்து தவறணைத் திருப்பம்வரை வாதம் நடந்தது. 1988 முடிவதற்குள் கிழக்கில் சர்வசன வாக்கெடுப்பு என்று எழுதியிருந்தார்கள். அந்த வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. எங்களைக் கேட்காமல் இணைத்தார்கள், 2006 அக்டோபரில் உயர் நீதிமன்றம் எங்களைக் கேட்காமலே பிரித்தது. முஸ்லிம் தலைவர் அஷ்ரஃப், கேட்காமல் இணைத்த அந்தக் கோபத்திலிருந்துதான் ஓர் அரசியலை எழுப்பினார். கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளைச் சேர்த்துத் தென்கிழக்கு அலகு கேட்டார். 2021 மே 18இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் டெபோரா ரொஸ் கொண்டுவந்த பிரேரணையில் வடகிழக்கு தமிழர்களின் பாரம்பரியத் தாயகம் என்று வந்தபோது, யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் போனில் மகிழ்ந்தார். அவருடைய மகிழ்ச்சி நியாயமானது, அவர் இழந்தது எனக்குத் தெரியும். போனை வைத்தபின் கல்முனையிலிருந்து பொத்துவில்வரையான பஸ் பாதையை மனசுக்குள் ஓட்டிப்பார்த்தேன். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி. ஒரு ஊரில் பாங்கு, அடுத்த ஊரில் கோயில் மணி, திரும்பவும் பாங்கு. இந்தப் பாதையை எந்தச் சபையின் பிரேரணையில் எப்படி எழுதுவது? எழுதமுடியாது என்று நான் சொல்லவில்லை. எழுதுகிறவர் ஒருதடவை அந்தப் பஸ்ஸில் ஏறவேண்டும், அதுவும் ஜன்னலோரம்.

எங்கள் பக்கத்துப் பாசாங்கையும் மறைக்கக்கூடாது. 2014 மார்ச்சில் ஜெனீவாவில் அமெரிக்கா முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்தில், சிறுபான்மை மதத்தவர்கள் மீதான தாக்குதல்கள் பெருகுவது பற்றிக் கவலை தெரிவித்து முஸ்லிம்கள் என்ற பெயரும் சொல்லப்பட்டிருந்தது. அதை எதிர்த்து வாக்களித்த பன்னிரண்டு நாடுகளில் சவூதி அரேபியா, பாகிஸ்தான், ஐக்கிய அரபு இராச்சியம், அல்ஜீரியா, மாலைதீவு. ஏகாதிபத்தியத்துக்குச் சரியான அடி என்று கல்முனையில் பெருமைப்பட்டவர்களோடு சேர்ந்து நானும் தேநீர் குடித்தேன். மூன்று மாதத்தில் அளுத்கமை எரிந்தது. அன்றைக்கு அந்தப் பெருமையை எங்கே வைத்தோம் என்று தேடினால் கிடைக்கவில்லை.

கடலுக்குத் திரும்புகிறேன். யுத்தம் முடிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2009 டிசம்பர் 7இல் அமெரிக்க செனட்டின் வெளிவிவகாரக் குழுவிலிருந்து ஜோன் கெரியும் ரிச்சர்ட் லூகரும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இலங்கையை இழந்துவிடக்கூடாது என்பது அதன் சாரம். மனிதாபிமான விவகாரம் என்ற ஒரே கண்ணாடியால் அந்தத் தீவைப் பார்த்தால் போதாது; கப்பல் பாதைகள் அதன் காலடியில் போகின்றன, கொழும்பு பெய்ஜிங் பக்கம் சாய்கிறது, வர்த்தகமும் பாதுகாப்பும் சேர்ந்த உறவு வேண்டும் என்றார்கள். வன்னியில் முகாமில் இருந்தவர்களெல்லாம் அப்போது வீடு திரும்பியிருக்கவில்லை. அந்த அறிக்கையை வாசிக்கும்போது, இரண்டு வருடத்துக்கு முன் பந்தியின் வாலில் தொங்கிக்கொண்டிருந்த அந்த விலக்கு எழுந்து நடந்து வந்து தலைப்பாக உட்கார்ந்துகொண்டது போலிருந்தது. அவர்கள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளமாட்டேன். வியட்நாமிலிருந்து திரும்பிவந்து யுத்தத்துக்கு எதிராக அதே செனட் குழுவின் முன் சாட்சி சொன்னவர் கெரி. மனிதருக்கு மனசாட்சியும் இருக்கும், வரைபடமும் இருக்கும். மேசையில் இரண்டையும் விரித்தால் வரைபடம் பெரிய தாள்.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டிருப்பேன், 2024 அக்டோபர் 23 வராதிருந்தால். அறுகம்பே பகுதியில் சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களை இலக்கு வைத்துத் தாக்குதல் நடக்கலாமென நம்பத்தகுந்த தகவல் கிடைத்திருக்கிறது என்று கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விடுத்தது. இஸ்ரேல் தன் பிரஜைகளை உடனே கிளம்பச் சொன்னது. அடுத்த நாள் பாலத்தின் இரண்டு முனையிலும் விசேட அதிரடிப்படை. ஹீப்ரு எழுத்துப் பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகளில் நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. மகன் போனில், வாப்பா இந்தக் கிழமை வராதீங்க என்றான். உல்லையில் இஸ்ரேலிய இளைஞர்களும் அவர்களுக்கென ஹபாத் என்ற யூத வழிபாட்டு இல்லமும் இருப்பது பற்றி ஊரில் ஏற்கெனவே முணுமுணுப்பு இருந்தது. காஸாவில் பிள்ளைகளின் சடலங்களைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே, எதிரே இருப்பவன் இஸ்ரேலியப் படையிலிருந்து விடுமுறையில் வந்தவனோ என்னவோ என்று யோசித்துக்கொண்டே பராட்டா போடுகிற கைகள் எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். அந்த இளைஞர்களில் ஒருவருக்கும் கீறல் விழக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. விருந்தாளி விருந்தாளிதான். என்னை உறுத்தியது அடுத்து நடந்தது. சந்தேகத்தில் பிடிக்கப்பட்டவர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்டார்கள்.

அந்தச் சட்டம் 1979இல் வந்தது. அதன் முழுப் பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொல் அடைப்புக்குறிக்குள் இன்னும் இருக்கிறது, நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேலான தற்காலிகம். அதை நீக்கு என்று வெளிநாட்டுச் சட்டமியற்றுபவர்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார்கள். 2021 ஜூன் 10இல் ஐரோப்பியப் பாராளுமன்றம் 628 வாக்குகளால் நிறைவேற்றிய தீர்மானம் அதைத்தான் கேட்டது. இல்லாவிட்டால் ஜீஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசியுங்கள் என்று ஐரோப்பிய ஆணைக்குழுவுக்குச் சொன்னது. வாஷிங்டனிலும் அதே குரல். சாய்ந்தமருதில் 2019 ஏப்ரல் 26 இரவு ஈஸ்டர் தாக்குதல்காரர்களின் ஆட்கள் இருந்த வீடு வெடித்த பிறகு எங்கள் கரையில் எத்தனை வீட்டுக் கதவுகள் இந்தச் சட்டத்தால் தட்டப்பட்டன என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் தங்கள் ஆட்களுக்கு ஆபத்து என்றதும், சட்டென்று கைக்கு வருகிற கருவியாக இருந்தது அதுவே. அதன் கீழ் பிடிக்காதீர்கள் என்று அந்த வாரம் எந்தத் தூதரகமும் சொல்லி நான் கேள்விப்படவில்லை. 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியதற்காக 22 வயதுப் பையன் ஒருவனை அதே சட்டத்தின் கீழ் உள்ளே வைத்தார்கள். சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குக் கேட்டு வந்த ஆட்சி அது. வயதானவர்கள் 1984ஐ நினைவுபடுத்தினார்கள். ஜே.ஆர். ஜெயவர்தனா காலத்தில் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே இஸ்ரேலிய நலன்காப்புப் பிரிவு திறந்தபோது முஸ்லிம்கள் தெருவுக்கு வந்தார்கள். 1990இல் ஜனாதிபதி பிரேமதாச அதை மூடினார். வந்தவர்கள் ஆட்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுக்க வந்தவர்கள் என்பது அன்றைய பேச்சு. ஒரே கட்டடத்துக்குள் ஒரு மேசையில் மனித உரிமை, அடுத்த மேசையில் பயிற்சி. எந்த மேசைக்குப் போய் முறையிடுவது?

இரவில் சொல்கிற பதிலையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஐரோப்பியத் தீர்மானத்தில் அஹ்னாஃப் ஜஸீம் என்ற பெயர் இருந்தது. மன்னார்ப் பக்கத்து இளங்கவிஞர், ஆசிரியர். 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதிக்காக 2020 மேயில் பிடித்தார்கள். தமிழ்க் கவிதையை வாசிக்கத் தெரியாதவர்கள் அதில் தீவிரவாதம் கண்டார்கள். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை. அவரை வெளியே கொண்டுவந்தது தீர்மானமா, இங்குள்ள சட்டத்தரணிகளா, வரிச்சலுகை போய்விடுமென்ற பயமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பிரசல்ஸில் யாரோ ஒருவர் அந்தப் பெயரைத் தடக்கித் தடக்கி உச்சரித்திருப்பார். அந்தத் தடக்கலுக்கு நான் கடன்பட்டவன், நானும் எழுதுகிறவன் என்பதால். பகலில் வேறு கணக்கு வருகிறது. 2010 ஆகஸ்டில் அந்தச் சலுகையை உண்மையிலேயே நிறுத்தினார்கள், 2017 மேயில்தான் திருப்பித் தந்தார்கள். அந்த ஏழு வருடமும் அமைச்சர்மார் ஒருவரும் ஒரு நேரச் சோற்றைக் குறைத்ததாகத் தெரியவில்லை. விடிய நாலு மணிக்குக் கார்மெண்ட் பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைகள்தான் ஓவர்டைம் போய்விடுமோ என்று கணக்குப் பார்த்தார்கள். அழுத்துகிற விரல் எங்கே படுகிறது, வலி எங்கே எடுக்கிறது என்பதை அழுத்துகிறவர் ஒருபோதும் பார்ப்பதில்லை. பார்த்தால் விரலை எடுத்துவிடுவாரோ? எடுத்துவிட்டால் அஹ்னாஃப்?

போன மாதம் பாலம் கடந்து உல்லை முனையிலுள்ள தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரக் காக்கா முன்பு கரைவலை இழுத்தவர், சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் போவதில்லை. அந்த அபிவிருத்தி முகவரகத்தையே 2025 ஜூலையோடு மூடிவிட்டார்கள் என்று சொன்னேன். அப்ப பாலம் ஒடஞ்சா ஆர் சேர் கட்டுற என்றார், பிளேன்டியை ஆற்றிக்கொண்டே. தெரியாது என்றேன். வெளியே கடல் இருண்டுகொண்டிருந்தது. தூரத்தில் ஒற்றை வெளிச்சம், நேவிப் படகோ மீன்படகோ. பையிலிருந்து அந்தச் சட்டப் பந்தியின் தாளை எடுத்து, எதற்கென்று தெரியாமல், அவருக்குத் தமிழாக்கிச் சொன்னேன். இந்த முறை சுருக்காமல் சொன்னேன். மூன்று நிபந்தனைகளையும் தலையாட்டிக் கேட்டார். கடல் பற்றிய வரிக்கு ஒன்றும் சொல்லவில்லை, கரைவலைக்காரர் அல்லவா, அதில் அவருக்குப் புதினமில்லை போலும்.

"இதுல பொத்துவில் எண்டு எங்கயும் எழுதிக் கிடக்கா சேர்?"

"இல்ல காக்கா."

"எறத்தல் கொளம்?"

"இல்ல."

"அறுகம்பே எண்டு?"

"இதுல இல்ல. போன வருசத்துக்கு முன்ன வருசம் எம்பஸி விட்ட பேப்பர்ல இருக்கு."

ஓம், அது எனக்கும் தெரியும் என்று சொல்லிக்கொண்டு, மேசையிலிருந்த கிளாசுகளை நான்கு விரலில் கோத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.